தூங்கியவரை விசாரித்த புதன்கிழமை

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். டீ இடைவேளையில் ஒரு பெண் என்னிடம் வந்து ரொம்பப் பெருமையாகச் சொன்னாள். "மேடம், எங்க பாலிசியே யாரையும் ஜட்ஜ் பண்றதில்லை." நான் கேட்டேன், "அப்புறம் எச்.ஆர். டிபார்ட்மெண்ட்ல உட்கார்ந்து என்னம்மா பண்றீங்க?" பக்கத்தில் சமோசா தின்றுகொண்டிருந்த பையன் கொஞ்சமும் யோசிக்காமல், "பர்த்டே கேக் வெட்டுறோம் மேடம்" என்றான். அவனுக்கு இந்தத் தொழிலில் நல்ல எதிர்காலம் இருக்கிறது.

அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். டீ ஆறிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். இப்போது ரிட்டயர் ஆகி பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வீட்டோடு இருக்கிறேன், நேரம் நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். எங்கள் சபையிலும் ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சுதான். பாவிகளாகிய நாம் அடுத்தவரை நியாயம் தீர்க்கலாமா என்று பாஸ்டர் உருக்கமாகக் கேட்பார். எங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். ஆமென் சொல்லி முடித்த கையோடு, வாசலில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தியவர் யார் என்று அதே மைக்கில் நியாயம் தீர்க்க ஆரம்பிப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்கூட்டரை யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும்?

இந்த வேலையை எனக்குப் பழக்கிய என் முதல் மேலதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், பேரன் பேத்தி எடுத்துக் கௌரவமாக இருக்கிறார். பீணியாவில் ஒரு தொழிற்சாலை. வளாகத்துக்குள் புகை பிடிக்கக் கூடாது என்பது சட்டம். பழைய அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடக்கிற கொட்டகைக்குப் பின்னால் புகை பிடிக்கிறவர்களை மனுஷன் வாரம் தவறாமல் பிடித்துக்கொண்டு வருவார். அந்த இடம் அவருக்கு எப்படித் தெரியும் என்று புதிதாகச் சேர்ந்த நான் வியந்துபோனேன். அவரும் அங்கேதான் புகை பிடிக்கப் போவார் என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. கேட்டேன், வெட்கமாக இல்லையா சார் என்று. "நான் போகலேன்னா அங்க பிடிக்கிறாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். அவருடைய வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பல வருஷம் ஆயிற்று, அதுவும் அத்திபெலேயில், ஒரு புதன்கிழமை மத்தியானத்தில்.

அத்திபெலேயில் நான் கடைசியாக வேலை பார்த்தது துணி துவைத்து இஸ்திரி போட்டு ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனி. கம்பெனியின் உயிர் பாய்லரில் இருந்தது. அதிலிருந்து வருகிற நீராவிதான் இஸ்திரி மேஜைகளுக்கெல்லாம் போகும். பாய்லருக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்து தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் மணி அடிக்கும். அப்போதும் யாரும் கவனிக்காவிட்டால் தானாகவே நெருப்பை அணைக்கிற ஏற்பாடும் உண்டு. ஆனால் அதை நம்பி யாரும் பிள்ளை குட்டிகளை விட்டுவிட்டு வேலைக்கு வருவதில்லை. பாய்லர் வெடித்த தொழிற்சாலைகளைப் பற்றி அங்கே எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

பாய்லர்காரர் முருகேசன், தருமபுரிப் பக்கத்து ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மனுஷன், தங்கமான வேலைக்காரன், ஒரே ஒரு குறை, தூங்கிவிடுவார். ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்தாகிவிட்டது. மூன்றாவது முறை மாட்டியபோது அவரைப் பிடித்தவர் சரோஜா.

சரோஜா இஸ்திரிப் பிரிவில் லைன் லீடர். ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி அத்திபெலே வந்தவர். வாய்க்குப் பூட்டுப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அவருடைய லைன் நிற்பது பாய்லர் அறைச் சுவரை ஒட்டி. அன்றைக்கு மணி அடிக்கிறது, நிற்காமல் அடிக்கிறது. என்ன என்று பார்க்கப் போனால், முருகேசன் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறார். சரோஜா கூப்பிட்டிருக்கிறார், தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவருடைய தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். மணிக்கு எழாத மனுஷன் ஃபேன் நின்றதும் துள்ளி எழுந்தார். உடனே தண்ணீர் விட்டு எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் விஷயம் பிளான்ட் ஹெட் வரைக்கும் போய்விட்டது.

பிளான்ட் ஹெட் மண்டியாக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். கோபம் வந்தால் முழுக் கன்னடம். "மேடம், நேரா டிஸ்மிஸ் மாடி" என்றார், உடனே டிஸ்மிஸ் பண்ணுங்கள் என்று. விசாரணை என்று ஒன்று நடத்தாமல் அப்படி அனுப்ப முடியாது என்று சொன்னேன். சரி, குழு போடுங்கள், தானே தலைவர், அக்கவுண்ட்ஸ் ஹெட் உறுப்பினர், நான் செயலாளர், ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்றார். முடிவை எழுதி வைத்துவிட்டு விசாரணை நடத்துவதற்குப் பெயர் ஒரே நாள் விசாரணை.

எனக்கு அது பிடிக்கவில்லை. முருகேசன் பொம்மசந்திராவில் வாடகை வீட்டில் இருந்தார். மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாய்லரில் தூங்கியதற்காக வேலையை விட்டு எடுத்தோம் என்று சான்றிதழில் எழுதினால் பெங்களூரிலிருந்து ஓசூர் வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவரைக் கேட்டுக்குள்ளேயே விடாது. அதே சமயம் தூங்கவே இல்லை என்று சொல்லிக் காப்பாற்றவும் முடியாது. அதனால் நான் ஒரு சின்ன வேலை செய்தேன். விசாரணையைப் புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு வைத்தேன்.

புதன்கிழமை எங்கள் கேன்டீனில் ராகி முத்தேயும் கோழிச் சாறும். முத்தே என்றால் நம் ஊர்க் களிதான், சாறு என்றால் குழம்பு, ஆனால் எங்கள் கேன்டீன் முத்தே கிரிக்கெட் பந்தைவிடப் பெரிசு. அன்றைக்கு மத்தியானம் கம்பெனியில் யாருக்கும் கண் சரியாகத் திறக்காது. இ-மெயில்கூட வராது. முருகேசன் மாட்டிய மூன்று முறையும் புதன்கிழமைதான் என்பதை நான் கவனித்திருந்தேன். பிளான்ட் ஹெட் இரண்டு முத்தேக்குக் குறைந்து எழுந்ததே கிடையாது. அக்கவுண்ட்ஸ் ஹெட்டோ கும்பகோணத்துக்காரர், வந்த புதிதில் முத்தேயை ஏற இறங்கப் பார்த்தவர், இப்போது சாறுக்கு மறு தடவை வரிசையில் நிற்பவர். நான் அன்று வீட்டிலிருந்து இரண்டு சப்பாத்தி கட்டிக்கொண்டு போயிருந்தேன். இதையெல்லாம் எந்த மேனேஜ்மெண்ட் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

விசாரணைக்கென்று நான் தேர்ந்தெடுத்த அறையில் ஏ.சி. உண்டு, ஓடாது. தலைக்கு நேர் மேலே பழைய ஃபேன். முருகேசன் எங்களுக்கு எதிரில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். துணைக்கு ஒரு தொழிலாளியை அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தோம், தனியாகத்தான் வந்தார். சஸ்பென்ஷனில் இருந்ததால் அவருக்குக் கேன்டீன் சாப்பாடு கிடையாது. அந்த அறையில் வயிறு காய்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் குற்றச்சாட்டைப் படிக்க ஆரம்பித்தேன். வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன். எனக்கே கொட்டாவி வருகிற மாதிரி, ஒவ்வொரு விதிக்கும் உள்விதிக்கும் இடைவெளி விட்டுப் படித்தேன். "பணி நேரத்தில் உறங்குதல்" என்ற இடத்துக்கு வந்தபோது அக்கவுண்ட்ஸ் ஹெட்டின் பேனா மேஜையில் உருண்டது. "அபாயகரமான இயந்திரத்தின் அருகில்" என்று தொடர்ந்தேன். பிளான்ட் ஹெட்டின் தாடை நெஞ்சில் போய் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மாறி மாறிக் குறட்டை விட ஆரம்பித்தார்கள்.

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் முருகேசனைப் பார்த்தேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பாவம், பயந்துபோயிருந்தார். பெரியவர்கள் தூங்குவதைப் பார்த்ததற்கு இன்னொரு மெமோ வருமோ என்று நினைத்திருப்பார். "மேடம், எழுப்பட்டுங்களா?" என்று கிசுகிசுத்தார். வேண்டாம், சாட்சி வரட்டும் என்றேன்.

சாட்சி வந்தார். கதவைத் திறந்த சரோஜா, தூங்குகிற இரண்டு அதிகாரிகளையும் விழித்திருக்கிற முருகேசனையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். நேராகச் சுவரோரம் போய் ஃபேன் சுவிட்சை அணைத்தார்.

அக்கவுண்ட்ஸ் ஹெட் முதலில் எழுந்து, விழுந்திருந்த பேனாவைத் தேடினார். பிளான்ட் ஹெட் நிமிர்ந்து, "ஹாங், நெக்ஸ்ட்" என்றார், இடையில் ஒன்றுமே நடக்காதது போல. ஆனால் சரோஜாவின் கை இன்னும் சுவிட்ச் மேலேயே இருந்தது. அதன் அர்த்தம் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எழுப்பின விதம்தானே குற்றச்சாட்டிலேயே எழுதியிருந்தது!

அக்கவுண்ட்ஸ் ஹெட் தொண்டையைச் செருமினார். "சார், நாமளே இப்படி இருக்கறச்சே, இவரை விசாரிக்க நாம யாரு சார்?" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. பிளான்ட் ஹெட் கர்ச்சீப்பால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, "வார்னிங் கொட்டு பிட்பிடி மேடம்" என்று பைலை மூடினார். எச்சரிக்கை கொடுத்து விட்டுவிடச் சொல்கிறார். எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டார். என் முதுகை நானே தட்டிக்கொடுக்க முடிந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் சரோஜா. "எனக்கு ஒண்ணு புரியல. நீங்க ரெண்டு பேரும் தூங்காம இருந்திருந்தா இவரை இன்னா பண்ணியிருப்பீங்க?"

பதிலையும் அவரே சொன்னார்.

"வேலைய விட்டு அனுப்பியிருப்பீங்க. தூங்கினதால உடுறீங்க. அப்போ அவரு வேலை உங்க தூக்கத்துல இருக்குது. சரி. என் உசிரு இன்னாத்துல இருக்குது சார்? அந்தச் சுவத்துக்கு இந்தாண்ட எங்க லைன் மொத்தமும் நிக்குது. நாளைக்கு மறுபடி மணி அடிச்சா யாரு ஜவாப்தாரி? உங்களுக்கு வெக்கமா இருக்குதுன்னா நீங்க வெக்கப்பட்டுக்கங்க. அதுக்கு எங்களை ஏன் பாய்லராண்ட நிக்க வைக்கிறீங்க?"

பிளான்ட் ஹெட்டுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நீனு யாவத்தூ நித்தெ மாடே இல்வா?" என்று சீறினார். நீ ஒரு நாளும் தூங்கினதே இல்லையா என்று கேட்கிறார்.

"மாடிருக்கேன் சார், நல்லாவே மாடிருக்கேன்," என்றார் சரோஜா. "தீபாவளி ஆர்டர் வந்தப்போ, நின்னுக்கினே தூங்கிட்டேன். இஸ்திரிப் பெட்டி சட்டை மேலயே நின்னுடுச்சு. கருகிப் போன சட்டைக்கு என் சம்பளத்துல பிடிச்சீங்க. அன்னிக்கு யாரும் 'நாம யாரு விசாரிக்க'ன்னு கேக்கலியே. சட்டைன்னா விசாரிப்பீங்க, நாங்கன்னா விசாரிக்க மாட்டீங்களா?"

அந்தச் சட்டை மெமோவில் கையெழுத்து யாருடையது என்று என்னைக் கேட்காதீர்கள். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இரண்டு அதிகாரிகளை வெட்கப்பட வைத்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்தது வெட்கம் மட்டும்தான். வெட்கப்பட்ட ஆட்களுக்கு அந்த இடத்தை விட்டுச் சீக்கிரம் போனால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவே மாட்டார்கள். ஒரு மனுஷனின் வேலையைக் காப்பாற்றுகிற அவசரத்தில் நானும்தான் பார்க்கவில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, சரோஜாவை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது.

அக்கவுண்ட்ஸ் ஹெட் சமாதானத்துக்கு வழி கண்டுபிடித்தார். "சட்டைக்குப் பிடிச்சதைத் திருப்பிக் கொடுத்துடலாம்மா" என்றார்.

"இன்னாத்துக்கு? சட்டை கருகினது நிஜம் சார். நான் தூங்கினதும் நிஜம். பிடிச்சது சரிதான். திருப்பிக் குடுத்தா நாளைக்கு எங்க லைன்ல எல்லாரும் நின்னுக்கினே தூங்குவாளுங்கோ, நான்தான் எழுப்பிக்கினு திரியணும்." சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் மாடோது மேடம்?" என்று பிளான்ட் ஹெட் என் பக்கம் திரும்பினார். என்ன செய்வது என்று எனக்கு மட்டும் தெரியுமா? ஒரு பக்கம் டிஸ்மிஸ், இன்னொரு பக்கம் மன்னிப்பு, இரண்டும் தப்பு. இந்த மாதிரி நேரத்தில் விதிப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்வது நம் தொழிலில் வழக்கம். நான் அதை மூடி வைத்துவிட்டு முருகேசனிடமே கேட்டேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. அதுவரை அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் சரோஜாவைப் பார்த்துத்தான் பேசினார். "அக்கா சொல்றது சரிங்க மேடம். மணி அடிச்சது எனக்குக் கேக்கவே இல்லைங்க. அன்னிக்கு அக்கா ஃபேனை நிறுத்தலைன்னா என்ன ஆயிருக்குமோன்னு நினைச்சா வீட்ல ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இப்பதாங்க வர மாட்டேங்குது" என்றார். சரோஜாகூடச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "எனக்குப் பாய்லர் வேணாங்க. வேலை மட்டும் வேணுங்க. தூங்கினாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாத இடமாப் பார்த்துப் போடுங்க."

அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து தேட ஆரம்பித்தோம். கேட்டில் போடலாமா? தூங்குகிற ஆளையா கேட்டில் போடுவது? கிடங்கிலா? அங்கே மூட்டை மேல் படுத்துவிடுவார். "எங்க செக்‌ஷன்ல வேணா..." என்று ஆரம்பித்த அக்கவுண்ட்ஸ் ஹெட், தான் சொல்ல வருவது என்ன என்று பாதியில் புரிந்து வாயை மூடிக்கொண்டார். பிளான்ட் ஹெட் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றைக்குத்தான் அந்த மனுஷனுக்கு எத்தனை பல் என்று எனக்குத் தெரிந்தது.

வழி சொன்னது சரோஜாதான். "கேன்டீன்ல போடுங்க. அங்க எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியாத்தான் துன்னுவாங்க. துன்னுட்டுத் தூங்கினா தூங்கட்டும், பாத்திரம் ஒண்ணும் வெடிக்காது."

அப்படியே எழுதினோம். பாய்லரிலிருந்து நீக்கம், ஒரு வருஷம் சம்பள உயர்வு இல்லை, கேன்டீனுக்கு மாற்றம். தண்டனை இல்லாமல் விடக் கூடாது என்று முதலில் சொன்னது சரோஜா, அதிகமாகிவிடக் கூடாது என்று சொன்னதும் சரோஜாதான். நாங்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். பாய்லருக்குப் புது ஆள் வந்தார்.

அடுத்து வந்த புதன்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். கேன்டீனில் கரண்டியோடு முருகேசன் நிற்கிறார். புது பாய்லர்காரர் தட்டை நீட்டினார். ஒரு முத்தே விழுந்தது. தட்டு நகரவில்லை.

"இன்னொண்ணு வைண்ணா."

"நீ பாய்லர்தானே? ஒண்ணுதான்."

"பசிக்குதுண்ணா."

"வீட்டுக்குப் போய்த் தின்னு. நகரு, நகரு."

அவருக்குப் பின்னால் தட்டோடு பிளான்ட் ஹெட் நின்றார். இரண்டு முத்தேக்காரர். முருகேசன் ஒன்றை வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "சார், மத்தியானம் விசாரணை ஏதாச்சும் இருக்குங்களா?" இருந்தது, ஸ்டோர்ஸில் ஏதோ தகராறு. பிளான்ட் ஹெட் முத்தேயைப் பார்த்தார், முருகேசனைப் பார்த்தார், ஒன்றோடு போய் உட்கார்ந்தார். மறு தடவை வந்து பார்ப்போம் என்று அக்கவுண்ட்ஸ் ஹெட் எழுந்தபோது, முருகேசன் சாறுப் பாத்திரத்தை மூடிவிட்டார்.

ஆகவே, யாரையும் ஜட்ஜ் பண்ணாத பிள்ளைகளே, கேக் வெட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் இதை யோசித்துப் பாருங்கள். குறையில்லாத ஆள்தான் விசாரிக்க வேண்டும் என்றால், அந்த அறைக்குள் கடைசியில் ஃபேன் மட்டும்தான் மிஞ்சும். என் முதல் மேலதிகாரி அடுத்தவர்களைப் பிடித்தார், தான் மட்டும் தப்பித்துக்கொண்டார். எங்கள் குழு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது. சரோஜா தன் சட்டைக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார். முருகேசனோ தனக்கு வந்த தூக்கம் அடுத்தவனுக்கு வரக் கூடாது என்று முத்தேயை எண்ணி வைத்தார். உங்களிடம் என்றைக்காவது ஒரு பைல் வரும். அப்போது இந்த நால்வரில் யாராக இருக்கப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளும் புதன்கிழமையாகவே அமைந்துவிட்டது. மத்தியானம் வழியனுப்பு விழா. கேன்டீனில் சும்மா பழக்க தோஷத்தில் தட்டை நீட்டினேன். முருகேசன் ஒன்று வைத்தார். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் வைத்தார்.

"எனக்கு எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"இனிமே நீங்க யாரையும் விசாரிக்க வேண்டியதில்லையேங்க மேடம். நல்லா சாப்பிடுங்க."

கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு இரண்டையும் தின்றேன். அதற்குப் பிறகு மேடையில் பிளான்ட் ஹெட் என்னைப் பற்றி நிறைய நல்ல வார்த்தைகள் சொன்னாராம். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது. திடீரென்று காற்று நின்று வியர்த்தது. கண்ணைத் திறந்தால் அரங்கம் முழுவதும் சிரிக்கிறது. சுவரோரம் சுவிட்சில் கை வைத்தபடி சரோஜா நின்றுகொண்டிருந்தார்.

"எழுந்திருங்க மேடம்," என்றார். "சால்வை போடுறாங்க."